சின்ன வயதுக் கேள்வி கண்டுபிடிப்பு வரைக்கும் போகுமா?

“பள்ளிக்கூட வயதில் வரும் ஆர்வம் உண்மையிலேயே அறிவியல் கண்டுபிடிப்பு வரைக்கும் போகுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகும். பிள்ளை கேட்டதைப் பெரியவர் ஒருவராவது மதித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தர்மபுரி மாவட்டத்தில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், எனக்கும் அண்ணனுக்கும் பல்லு காவியா இருக்கு. அம்மாவும் இதே போர் தண்ணிதான் குடிக்கிறாங்க, அவங்களுக்கு மட்டும் எப்படி வெள்ளையா இருக்கு?” அவள் அம்மா ஆற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர். எங்கள் பக்கம் பல் கறை பார்த்துப் பார்த்துப் பழகிப்போனது, அதனால் யாரும் கேட்பதில்லை. இவளோ ஒரே வீட்டுக்குள் இருந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டாள்.

இதே வித்தியாசத்தைக் கவனித்தவர்தான் ஃபிரெடரிக் மெக்கே. 1901இல் படிப்பு முடித்த கையோடு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்த இளம் பல் மருத்துவர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பல்லில் பழுப்புக் கறை. பெரியவர்களான பிறகு குடிவந்தவர்களுக்கு இல்லை. அவர் அதை விடவே இல்லை. 1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி ஊருக்குப் போனார். ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது என்று பெற்றோர் சொன்னார்கள். அந்தத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். சில வருடங்களில் சின்னப் பிள்ளைகளுக்குக் கறையில்லாத பல் முளைத்தது. தண்ணீரில் இருந்தது ஃபுளோரைடு என்பதை சர்ச்சில் என்ற வேதியியலாளர் 1931இல்தான் கண்டுபிடித்தார். முப்பது வருடம்!

நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் சிறுவயதில் ஃபுளோரைடு அதிகமுள்ள தண்ணீரைக் குடித்தால் பல்லின் மேலுறையான எனாமல் கெடும். பல் முழுதாக உருவான பிறகு வந்து குடிப்பவர்களுக்கு அந்தக் கறை வராது. அம்மாவின் பல் வெள்ளையாக இருந்த காரணம் இதுதான். எங்கள் மாவட்டத்தில் ஃபுளோரைடு பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான்.

மெக்கே மருத்துவர் ஆயிற்றே என்பீர்கள். சரி, எராஸ்டோ எம்பெம்பா தான்சானியாவில் பள்ளி மாணவன். 1963இல் ஐஸ்கிரீம் செய்யும்போது, காய்ச்சிய பாலை ஆறவைக்காமல் சூடாகவே உறைபெட்டியில் வைத்தான்; பாலைக் காய்ச்சாமலேயே வைத்த இன்னொரு பையனுடையதைவிட அவனுடையது முதலில் உறைந்தது. ஏன் என்று கேட்டதற்கு ஆசிரியர் நம்பவில்லை, கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். பள்ளிக்கு வந்த டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியலாளர் மட்டும் திரும்பிப் போய்ச் சோதித்துப் பார்க்கச் செய்தார். 1969இல் இருவரும் சேர்ந்தே கட்டுரை வெளியிட்டார்கள். அந்த விளைவு எப்போது, எதனால் நடக்கிறது என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். ஒரு பள்ளிக்கூடப் பையன் கிளப்பிய வாதம் அது. ஆஸ்போர்னும் சிரித்துவிட்டுப் போயிருந்தால்? எனக்கு அதை நினைத்தாலே பதறுகிறது.

அதனால் அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, எந்தத் தெருவுக்கு எந்தப் போர், யார் எந்த வயதில் ஊருக்கு வந்தார்கள் என்று பிள்ளைகளையே விசாரித்து எழுதிவரச் சொன்னேன். பாட்டிலில் பிடித்த தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைச் சில போர்கள் தாண்டியிருந்தன, சில தாண்டவில்லை. உடனே அடுத்த கேள்வி: “பக்கத்துப் பக்கத்துப் போர்தானே டீச்சர், ஏன் அளவு மாறுது?” ஜியாலஜி படித்தவர்கள் யாராவது தர்மபுரி பக்கம் இருந்தால் எழுதுங்கள், எங்கள் வகுப்புக்கு வந்து பாறையைக் காட்டியே பிள்ளைகளுக்கு விளக்குங்கள்.