காரின் வெளிறிப்போன கறுப்பு டிரிம்முக்கு செராமிக் கோட்டிங்: கேள்வி பதில்

பெயிண்ட் இன்னும் பளபளவென்று இருக்கிறது. பம்பரின் அடிப்பகுதியும் வீல் ஆர்ச்சும் மட்டும் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிட்டன. ஏன் அண்ணா?

பெயிண்டுக்கு மேலே கிளியர்கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. பெயிண்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக்குக்கு, அதாவது டிரிம்முக்கு, அந்தக் கவசம் கிடையாது. பெரும்பாலும் அது பாலிபுரொப்பிலீன் கலவை. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பட்டுப்பட்டு மேல்தோல் சிதைந்து, நுண்ணிய வெடிப்புகள் விழும். அவற்றில் வெளிச்சம் சிதறுவதால் வெளுத்துத் தெரிகிறது. அடியில் கறுப்பு அப்படியேதான் இருக்கும்.

செராமிக் கோட்டிங் (தடவினால் இறுகிப் பாதுகாப்புப் படலமாகும் திரவம்) போட்டால் பழைய நிறம் வருமா?

போடும் முன்பே தெரிந்துகொள்ளலாம். டிரிம்மை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, ஈர விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு கருகருவென்று தெரிந்தால் கோட்டிங்கும் ஏறக்குறைய அந்த நிறத்தைத் தரும். நனைந்தும் திட்டுத்திட்டாக வெளுத்தே இருந்தால் கோட்டிங்கை நம்பிப் பயனில்லை; பிளாஸ்டிக்குக்கான சாயமோ பெயிண்டோதான் வழி.

இதுவரை டிரஸ்ஸிங் (பிளாஸ்டிக்கைக் கறுப்பாகக் காட்டத் தடவும் திரவம்) தடவி வந்தேன். அதன் மேலேயே போடலாமா சார்?

கூடவே கூடாது. பாதிப் பேர் கோட்டிங்கைத் திட்டுவது இந்த ஒரு தப்பால்தான். டிரஸ்ஸிங்கில் இருக்கும் சிலிகான் எண்ணெய் பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் பதுங்கியிருக்கும். அதன்மேல் போட்ட கோட்டிங் பிளாஸ்டிக்கைப் பிடிக்காது, எண்ணெயோடு சேர்ந்து கழன்றுவிடும்.

ஆல் பர்ப்பஸ் கிளீனர் தெளித்து மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். முதல் தடவை பழுப்பு நுரை வரும். நுரை வெள்ளையாகும்வரை விடாதீர்கள். எனக்கு ஒருமுறை நான்கு சுற்று ஆனது. அப்புறம் இடுக்குகளில் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றி, முழுதும் உலர்ந்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உண்மையில் வேலையே இதுதான். கோட்டிங் தடவுவது அரை மணி நேர விஷயம்.

தடவிய இடத்தில் வானவில் மாதிரி திட்டுகள் நின்றுவிட்டன. என்ன செய்ய?

அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது துடைக்கத் தாமதித்திருக்கிறீர்கள். சில மணி நேரத்துக்குள் என்றால் அதே கோட்டிங்கை ஒரு சொட்டு மேலே தடவி உடனே துடைத்தால் பெரும்பாலும் சமனாகும். இறுகிவிட்டால் தொல்லை. பெயிண்ட் என்றால் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பாலிஷ் போட்டால் அந்தச் சொரசொரப்பே தேய்ந்துபோகும். அதனால்தான் நிழலில், டிரிம் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, ஓர் அடி நீளம் தடவித் துடைத்துவிட்டு அடுத்த அடிக்குப் போகச் சொல்கிறேன்.

மழை வந்தால்?

முதல் 24 மணி நேரம் நனையாமல் பாருங்கள். ஒரு வாரத்துக்கு ஷாம்பு வேண்டாம்.

கதவு ரப்பருக்கும் போடலாமா?

வேண்டாம். ரப்பர் மடங்கி நிமிரும். இறுகிய கோட்டிங் அதோடு வளையாமல் வெடிக்கும். ரப்பருக்கென்று விற்கும் பாதுகாப்புத் திரவம் போதும்.

ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டினால் ஒரு நிமிடத்தில் கறுப்பாகிறதே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு?

கறுப்பாகும், மறுக்கவில்லை. ஆனால் புதிய பாதுகாப்பு எதுவும் சேரவில்லை. சில மாதங்களில் மறுபடி வெளுக்கும். கை சற்று நின்றாலும் பிளாஸ்டிக் உருகிப் பளபளத் தழும்பு விழும். நான் செய்யமாட்டேன்.

மிச்சமிருக்கும் பாட்டிலை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? துடைத்த துணியைத் துவைத்தால் போதுமா?

காற்றின் ஈரத்தில் இறுகுவதுதான் இதன் குணம். திறந்த பாட்டில் உள்ளேயே கெட்டியாகத் தொடங்கும். சில வாரங்களில் தீர்த்துவிடுங்கள். துணியைத் தூக்கிப் போடுங்கள். காய்ந்ததும் அதில் கண்ணாடித் துகள் மாதிரி மொரமொரப்பு வரும். தெரியாமல் யாராவது அதை எடுத்து பானெட்டைத் துடைத்தால் கீறல்தான்.