புருவத்தில் ஒரு பள்ளம், கன்னத்தில் ஒரு துளை: முக எலும்புகள் பற்றி வாசகர் கேள்விகள்

முகத்து எலும்புகளில் இருக்கும் துளைகள் குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் எங்கள் பல், முகத்தாடை மருத்துவக் குழு பதில் தருகிறது.

கே: பல் மருத்துவம் முதலாண்டு படிக்கிறேன். சுப்ரா ஆர்பிட்டல், இன்ஃப்ரா ஆர்பிட்டல், மென்டல் ஃபொரமென் (துளை) மூன்றும் எலும்பில் பார்த்தால் புரிகிறது. உயிருள்ள முகத்தில் எங்கே என்று கேட்டால் தடுமாறுகிறேன். எப்படி நினைவில் வைப்பது? (மாணவி, மதுரை)

ப: கண்ணாடி முன் நின்று நேரே பாருங்கள். கருவிழிக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுங்கள். மூன்று துளைகளும் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே, அல்லது சற்று மூக்குப் பக்கமாகத் தள்ளி இருக்கும். முகத்தின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 2.5 செ.மீ. தூரம்.

முதலில் புருவம். கண்குழியின் மேல் விளிம்பை விரல் நுனியால் மூக்குப் பக்கமிருந்து வெளியே தடவிக்கொண்டே போங்கள். உள் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். அதுதான் சுப்ரா ஆர்பிட்டல். அழுத்தினால் சுரீர் என்று நெற்றிக்கு ஏறும். பலருக்கு இது முழுத் துளையாக இல்லாமல் வெறும் பள்ளமாகத்தான் இருக்கும். ஒரே மண்டையோட்டில் ஒரு பக்கம் துளை, மறுபக்கம் பள்ளம் என்றும் வரும். பரீட்சையில் இன்னொன்றையும் மறக்காதீர்கள்: இந்தத் துளை இருப்பது நெற்றி எலும்பில். முக எலும்புகள் 14 என்று எண்ணும்போது நெற்றி எலும்பு அதில் சேராது.

அடுத்தது கன்னம். கண்குழியின் கீழ் விளிம்பிலிருந்து 7 முதல் 10 மி.மீ. கீழே இறங்குங்கள். மேல்தாடை எலும்பில் அந்த இடத்தில் இன்ஃப்ரா ஆர்பிட்டல் துளை. மூன்றாவதான மென்டல் துளை கீழ்த்தாடையில், பெரும்பாலும் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லின் வேருக்கு நேர் கீழே, அல்லது இரண்டு முன்கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே.

இடத்தோடு சேர்த்து துளையின் வாய் பார்க்கும் திசையையும் படியுங்கள். இன்ஃப்ரா ஆர்பிட்டல் துளை கீழ்நோக்கியும் மூக்குப் பக்கமாகவும் திறக்கிறது. மென்டல் துளை பின்னோக்கி, மேல்நோக்கித் திறக்கிறது. எலும்பை வைத்துப் பழகும்போது தூண்டில் இழையை முன்பக்கமிருந்து மென்டல் துளைக்குள் விட முயன்று, போகவில்லை என்று கையைப் பிசையும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. பின்னாலிருந்து விட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

மூன்றிலிருந்தும் வெளியே வருவது முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் ட்ரைஜெமினல் நரம்பின் மூன்று கிளைகள்: மேலே கண் கிளை, நடுவே மேல்தாடைக் கிளை, கீழே கீழ்த்தாடைக் கிளை. இங்கே வெளிவருபவை எல்லாம் தொடு உணர்ச்சிக்கானவை. முகத்தசையை அசைக்கும் நரம்பு வேறு. அது காதுக்குக் கீழே, ஸ்டைலோமாஸ்டாய்டு துளை வழியே வருகிறது. அதனால்தான் கன்னம் மரத்துப்போனவர்கள் சிரிக்க முடிகிறது. வாய் கோணிப்போனவர்களுக்குக் கன்னத்தில் உணர்ச்சி இருக்கிறது.

கே: பைக்கில் விழுந்ததில் இடது கண்குழியின் தரை எலும்பு முறிந்தது. வலி குறைந்துவிட்டது. ஆனால் கீழ் இமை, கன்னம், மேல் உதடு எல்லாம் மரத்தே இருக்கிறது. முன்பற்களில் கூட உணர்ச்சி இல்லை. பற்களுக்கும் அடிபட்டிருக்குமா? வேர் சிகிச்சை தேவையா? (வாசகர், திருப்பூர்)

ப: அவசரப்பட்டுப் பற்களில் கை வைக்க விடாதீர்கள். காரணம் பெரும்பாலும் பல்லில் இல்லை, கண்குழியின் தரையில் இருக்கிறது.

இன்ஃப்ரா ஆர்பிட்டல் நரம்பு கன்னத்துத் துளைக்கு வருவதற்கு முன் கண்குழியின் தரையில்தான் பயணம் செய்கிறது. முதலில் மேலே திறந்த வாய்க்காலாக, பிறகு மூடிய குழாயாக. அதற்குக் கீழே மேல்தாடை சைனஸின் காற்றறை. நடுவே உள்ள எலும்பு தாள் போல மெல்லியது. கண்ணில் பலமாக அடிபடும்போது அந்தத் தரை உடைந்து, அதில் கிடக்கும் நரம்பும் நசுங்குகிறது.

மேல் முன்பற்களுக்குப் போகும் கிளை, நரம்பு குழாய்க்குள் இருக்கும்போதே பிரிந்து சைனஸின் முன்சுவர் வழியே இறங்கிவிடுகிறது. இதிலிருந்து அடிபட்ட இடத்தை ஊகிக்கலாம். தோல் மட்டும் மரத்திருந்தால் காயம் துளைக்கு வெளியே, கன்னத்துச் சதையில். பல்லும் ஈறும் சேர்ந்து மரத்திருந்தால் காயம் துளைக்கு உள்ளே. உங்களுக்கு இரண்டாவது வகை.

இந்த நிலையில் குளிர் வைத்துப் பல்லைச் சோதித்தால் பதில் வராது. அதை வைத்து 'பல் செத்துவிட்டது' என்று சொல்ல முடியாது. உணர்ச்சி போயிருக்கலாம், ரத்த ஓட்டம் இருக்கலாம். பல் நிறம் மாறுகிறதா, ஈறில் சீழ்க்கட்டி வருகிறதா, எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருமை தோன்றுகிறதா என்று சில மாதங்கள் கவனிப்பதே சரி.

நசுங்கிய நரம்பு வாரங்களிலோ மாதங்களிலோ மீளும். அறுந்த இழைகள் வளர வேண்டியிருந்தால் நாளுக்கு சுமார் 1 மி.மீ.தான். எறும்பு ஊர்வது போலவும் குத்துவது போலவும் இருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது உணர்ச்சி திரும்புவதன் அடையாளம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பஞ்சு நுனியால் கன்னத்தைத் தொட்டு, மரத்த பகுதியின் எல்லையைப் பேனாவால் வரைந்து போட்டோ எடுத்து வையுங்கள். எல்லை சுருங்கி வருகிறதா என்பது மருத்துவருக்கு மிகவும் உதவும். சூடான காபியும் சவரக் கத்தியும் மரத்த உதட்டைத் தெரியாமல் காயப்படுத்தும், கவனம். சில வாரங்களுக்கு மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. சைனஸ் காற்று முறிவு வழியே கண்குழிக்குள் ஏறி இமை பலூன் போல வீங்கும்.

இரண்டிரண்டாகத் தெரிவது, மேலே பார்க்கும்போது கண் நகராமல் நிற்பது, பார்வை மங்குவது இருந்தால் காத்திருக்காதீர்கள். குழந்தைகளுக்கு இந்த முறிவு ஏற்பட்டு, கண் அதிகம் சிவக்காமலே வாந்தியும் நாடித் துடிப்புக் குறைவும் வந்தால், முறிந்த எலும்பு கதவு போல மூடி கண் தசையைக் கவ்வியிருக்கிறது என்று பொருள். அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம்.

கே: கீழ்த்தாடை மரப்பு ஊசி எனக்குப் பல தடவை தவறுகிறது. உதடு மரத்துவிட்டது என்கிறார் நோயாளி, பல்லைத் தொட்டதும் துள்ளுகிறார். எங்கே தவறு? (பயிற்சி மருத்துவர், சேலம்)

ப: இரண்டு வெவ்வேறு தோல்விகள் இங்கே கலக்கின்றன. உதடே மரக்கவில்லை என்றால் மருந்து மேன்டிபுலர் துளையின் (கீழ்த்தாடைக்குள் நரம்பு நுழையும் துளை) அருகே போகவில்லை. உதடு மரத்தும் பல் வலித்தால் காரணம் வேறு.

முதல் தோல்விக்கு வழிமுறையைச் சரிபாருங்கள். ரேமஸின் (கீழ்த்தாடையில் பின்னால் மேலே ஏறும் பகுதி) முன்விளிம்புப் பள்ளத்தில் கட்டைவிரல். கீழ்ப்பற்களின் கடிக்கும் மட்டத்துக்கு 6 முதல் 10 மி.மீ. மேலே ஊசி நுழைய வேண்டும். சிரிஞ்சு எதிர்ப்பக்க முன்கடைவாய்ப் பற்களின் மேல் கிடக்க வேண்டும். 20 முதல் 25 மி.மீ. ஆழத்தில் எலும்பு தட்ட வேண்டும். தட்டியதும் 1 மி.மீ. பின்வாங்கி, இழுத்துப் பார்த்து, ரத்தம் வராவிட்டால் 1.5 மி.லி. மருந்தை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகச் செலுத்துங்கள். பிறகு 3 முதல் 5 நிமிடம் காத்திருங்கள். தோல்வி என்று சொல்லப்படுவதில் கணிசமான பகுதி இந்தக் காத்திருப்பைச் சுருக்கியதால் வருவது.

பாதி ஊசி போவதற்குள் எலும்பு தட்டினால் நீங்கள் மிக முன்னால் இருக்கிறீர்கள். ஊசியைச் சற்று இழுத்து, சிரிஞ்சை முன்பற்கள் பக்கம் திருப்பி உள்ளே போங்கள். எலும்பே தட்டவில்லையா? மருந்தைச் செலுத்தவே கூடாது. ஊசி நுனி ரேமஸைத் தாண்டி, காதருகே உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நிற்கலாம். அங்கே மருந்து போனால் முகநரம்பு மரத்து, அந்தப் பக்கக் கண் மூடாமல் போகும். சில மணி நேரத்தில் சரியாகிவிடும் என்றாலும், அதுவரை கருவிழி காயாமல் இமையை மூடி ஒட்டி வைக்க வேண்டும்.

உதடு மரத்தும் பல் வலிப்பதற்கு, வாய்த் தரைத் தசைக்குப் போகும் மைலோஹையாய்டு நரம்பின் இழை உட்புறத்தில் தனியாகப் பல்லுக்குப் போவது ஒரு காரணம். தாடைக்குள் நரம்பு ஓடும் கால்வாய் இரண்டாகப் பிரிந்து, ஞானப்பல்லுக்குப் பின்னால் தனித் துளை வழியே ஒரு கிளை வருவது இன்னொன்று. முன்பற்கள் என்றால் எதிர்ப்பக்க நரம்பின் இழை நடுக்கோட்டைத் தாண்டி வந்திருக்கும். பல்லின் உள்ளே இருக்கும் கூழே அழற்சியில் கொதித்துக்கொண்டிருந்தால் சரியான இடத்தில் போட்ட மருந்தும் தோற்கும். அதே இடத்தில் அதே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவதால் பயனில்லை. கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கத்தில் 4% ஆர்ட்டிகெய்ன் மரப்பு மருந்து, அல்லது பல் இணைப்புத் திசுவுக்குள் ஊசி என்று வழியை மாற்றுங்கள்.

கே: ஆறு வயது மகனுக்குப் பல் அடைத்துவிட்டு வந்தோம். உதட்டைக் கடித்துவிட்டான். இரண்டாம் நாள் வெள்ளையாகச் சீழ் மாதிரி இருக்கிறது. ஊசியைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டார்களோ? (தாய், தஞ்சாவூர்)

ப: ஊசி சரியாக வேலை செய்ததால்தான் உதடு மரத்தது. பல்லில் மரப்பு ஒரு மணி நேரம் நின்றாலும், உதட்டில் 3 முதல் 5 மணி நேரம் நீடிக்கும். விளையாட்டாகக் குழந்தை மென்றுவிடும். அந்த வெள்ளை பெரும்பாலும் சீழ் அல்ல, வாய்ப்புண்ணின் மேல் படியும் படலம். சுரண்டாமல் வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வாரம் பத்து நாளில் ஆறும். வீக்கம் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ காட்டுங்கள். அடுத்த முறை மரப்பு போகும் வரை உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சுருளை வையுங்கள், அதுவரை இட்லி, பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஊசியை பெரியவர்களைவிடத் தாழ்வாகப் போடுவதைப் பார்த்தும் சந்தேகம் வரலாம். குழந்தையின் கீழ்த்தாடையில் நரம்பு நுழையும் துளை, பற்கள் கடிக்கும் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. தாடை வளர வளர அது மேலே போகிறது.

கே: அப்பாவுக்கு 74 வயது. பல்செட் போட்டுச் சாப்பிடும்போது கீழ் உதட்டுக்கு மின்சாரம் பாய்வது போல வலி. புது செட் வாங்க வேண்டுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

ப: பல் இருக்கும் வயதில் மென்டல் துளை தாடையின் மேல், கீழ் விளிம்புகளுக்கு நடுவில் இருக்கும். பற்கள் போனதும் மேல்பகுதி எலும்பு கரைகிறது. துளை இடம் மாறுவதில்லை, பற்கள் இருந்த எலும்பு மேடுதான் தேய்ந்து அதன் அருகே இறங்கி வருகிறது. கடைசியில் பல்செட் நேராக நரம்பின் மேல் உட்காருகிறது.

மூன்று நாள் கீழ்ச் செட்டைக் கழற்றி வைத்துப் பாருங்கள். வலி நின்றால் காரணம் அதுதான். பல் மருத்துவர் அழுத்தம் விழும் இடத்தைக் குறித்து, செட்டின் உட்புறத்தை அங்கே மட்டும் குடைந்து கொடுப்பார். பல நேரம் அதுவே போதும். வீட்டில் அரத்தால் தேய்க்காதீர்கள்.

செட் இல்லாதபோதும், காற்று பட்டாலோ முகம் கழுவினாலோ சில நொடி மின்னல் போல வலி வந்தால் அது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்ற நரம்பு வலியாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்றை அழுத்தியே சொல்கிறோம்: ஊசி, அடி, அறுவை எதுவும் இல்லாமல் ஒரு பக்க உதடும் முகவாயும் தானாக மரத்துப்போய் அப்படியே நின்றால், வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். உடலில் வேறெங்கோ இருக்கும் புற்றுநோய் தாடைக்கு வந்ததன் முதல் அறிகுறியாகவும் அது இருப்பதுண்டு.

கே: எக்ஸ்ரேயில் முன்கடைவாய்ப் பல்லின் வேர் நுனியில் கரும்புள்ளி. ஒருவர் வேர் சிகிச்சை என்கிறார், ஒருவர் இயற்கைத் துளை என்கிறார். யாரை நம்புவது? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: சோதனையை நம்புங்கள். பல்லில் குளிர் வைத்தால் உடனே கூசி, எடுத்ததும் அடங்குகிறதா? பல் உயிரோடு இருக்கிறது. அடுத்து எக்ஸ்ரே குழாயின் கோணத்தை மாற்றி இன்னொரு படம். சீழ்ப்பை என்றால் புள்ளி வேர் நுனியோடு ஒட்டியே நிற்கும். மென்டல் துளை என்றால் வேரை விட்டு விலகும். வேரைச் சுற்றி ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு அறுபடாமல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் துளை என்றே சொன்னால் பல்லைத் துளைக்கக் காரணமில்லை.

மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே தெரியும் கருமைக்கும் இதே கதைதான். அது அண்ணத்தில் இருக்கும் இன்சிசிவ் துளை. அகலம் 6 மி.மீ.க்கு மேல் போனால் கட்டி இருக்குமோ என்று சிடி எடுத்துப் பார்ப்பார்கள்.

கே: புருவத்திலும் கன்னத்திலும் அழுத்தினால் வலிக்கிறது. சைனஸா? (வாசகி, சென்னை)

ப: அழுத்தியது துளை இருக்கும் இடம் என்றால் நல்ல உடம்பிலும் வலிக்கும், அங்கே நரம்பு எலும்போடு நசுங்குகிறது. மூக்கடைப்பு, கெட்டிச் சளி, பத்து நாளைத் தாண்டும் தொல்லை, குனிந்தால் கனம் ஆகியவை சேர்ந்தால்தான் சைனஸ் பக்கம் யோசிக்க வேண்டும்.

கே: நான்கு மாதக் குழந்தைக்கு ஒரு கண்ணில் நீர் வடிகிறது. மூக்கு எலும்பில் துளை அடைத்திருக்கிறது என்கிறார்கள். அறுவை வேண்டுமா? (தாய், விழுப்புரம்)

ப: எலும்பில் கால்வாய் இருக்கும். கண்ணீர் அதன் வழியே மூக்குக்குள் இறங்கும். அடைப்பு பெரும்பாலும் அதன் கீழ்வாயில் உள்ள மெல்லிய சவ்வில். பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துவிடும். நகம் வெட்டி, கை கழுவி, கண்ணின் உள்மூலையில் மூக்கெலும்பை ஒட்டி விரலை வைத்து, கீழ்நோக்கி உறுதியாக ஐந்து முதல் பத்து முறை தடவுங்கள், நாளுக்கு மூன்று தடவை. கண்ணின் மேல் அழுத்தாதீர்கள். உள்மூலை சிவந்து வீங்கினாலோ, குழந்தை வெளிச்சத்தைக் கண்டு கண்ணை மூடினாலோ, கருவிழி பெரிதாக அல்லது மங்கலாகத் தெரிந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.