ரோல்ஸ் ராய்ஸை வாங்கியது யார்: உங்கள் குழப்பத்துக்குப் பதில்

வணக்கம். கல்லூரி மலருக்கான கட்டுரையில் ‘1998-இல் ஃபோக்ஸ்வாகன் வாங்கியது’ என்று எழுதினீர்கள், ஆசிரியர் ‘பி.எம்.டபிள்யூ.’ என்று திருத்திவிட்டார் என்கிறீர்கள். நீங்கள் எழுதியதும் சரிதான், அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

குழப்பத்தின் வேர் 1971-இல் இருக்கிறது. ஆர்.பி.211 என்ற விமான என்ஜினுக்குக் கொட்டிய பணத்தில், கார்களோடு விமான என்ஜின்களும் தயாரித்துவந்த ரோல்ஸ் ராய்ஸ் திவாலாகி, பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போனது. 1973-இல் கார் பிரிவைத் தனியாகப் பிரித்தார்கள். பெயர் மட்டும் விமான என்ஜின் நிறுவனத்திடமே தங்கிவிட்டது! எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமான இடம் இதுதான், கட்டுரையில் அவசியம் சேருங்கள்.

1980-இல் கார் பிரிவு விக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் போனது. 1998-இல் விக்கர்ஸ் விற்றபோது பி.எம்.டபிள்யூ. 34 கோடி பவுண்டு தர முன்வந்தது, ஃபோக்ஸ்வாகன் 43 கோடி தந்து வென்றது. குரூ நகரத் தொழிற்சாலை, அங்கே தயாரான இன்னொரு கார் பிராண்டான பென்ட்லி, ரோல்ஸ் ராய்ஸ் காரின் முன்பக்கச் சிலை, கிரில் வடிவம் எல்லாம் அவர்களுக்கு. ஆனால் விமான என்ஜின் நிறுவனம் பெயரையும் இலச்சினையையும் பயன்படுத்தும் உரிமையை 4 கோடி பவுண்டுக்கு பி.எம்.டபிள்யூ.வுக்குத் தந்தது. அப்போதைய புது மாடல்களுக்கு என்ஜின் கொடுத்ததும் அதே பி.எம்.டபிள்யூ.தான். வேறு வழியில்லாமல் ஃபோக்ஸ்வாகன் பி.எம்.டபிள்யூ.வுடன் உடன்பாட்டுக்கு வந்தது.

ஆகவே இப்படி எழுதுங்கள்: ‘1998-இல் தொழிற்சாலையை வாங்கிய ஃபோக்ஸ்வாகன், 2002 இறுதிவரை ரோல்ஸ் ராய்ஸ் கார்களையும் தயாரித்தது, 2003 முதல் அவற்றை இங்கிலாந்தின் குட்வுட்டில் பி.எம்.டபிள்யூ. தயாரிக்கிறது, பென்ட்லி ஃபோக்ஸ்வாகனிடமே உள்ளது.’