கரி பிடித்துவைக்கும், உப்புக் குடித்துவிடும்

கேள்வி: உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் என் மகள் அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் இரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளியை இழக்கிறாள். என்ன வேறுபாடு? எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சிரட்டைக்கரியில் வடித்துக் குடித்தால் போதுமா?
- ஒரு தாய், கொடிகாமம்

பதில்: சகோதரி, பிள்ளையை ஏசாதீர்கள். புறத்துறிஞ்சலுக்கென்று தனிச்சொல்லை ஜேர்மனிய அறிஞர் ஹைன்ரிஷ் கைசர் எழுதியதே 1881 இல்தான்.

மாரி தொடங்கியதும் உப்புப் போத்தலைக் காட்டுங்கள். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுக்கும். கல்லுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். இழுத்த நீரிலேயே அது கரைந்துபோகிறது. இப்படி உள்ளே வாங்கி ஒன்றாகிவிடுவது அகத்துறிஞ்சல்.

கரியோ எதையும் மேற்பரப்பில்தான் பிடித்துவைக்கும். அது புறத்துறிஞ்சல். சிரட்டைக்கரியை 800 பாகை செல்சியசுக்கு மேல் நீராவியில் கிளர்வூட்டினால் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கும். ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை விரித்தால் சுமார் 1000 சதுர மீற்றர் வரும்; நம் யாழ்ப்பாணக் காணி அளவில் நாலு பரப்பு!

நான் படிப்பித்த காலத்தில், நீல மை கலந்த தண்ணீரில் இந்தக் கரித்தூளைப் போட்டுக் கலக்கி, வடிதாளில் வடிப்போம். முதற்துளி கண்ணாடிபோல் விழும், வகுப்பே கைதட்டும். அதே கரியின் மேல் திரும்பத் திரும்ப மைத்தண்ணீர் ஊற்றச் சொல்வேன். நாலாந்தரம், ஐந்தாந்தரம் புனலின் நுனியில் இளநீலம் கசியும். கரியில் இடம் முடிந்துவிட்டது என்பதை அந்தத் துளி சொன்னதுபோல் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இனிக் கிணறு. எனக்கு இதுதான் பெரிய கவலை. அடுப்புக் கரிக்கு அந்த ஆற்றல் இல்லை. கிளர்வூட்டிய கரிகூட மணத்தையும் நிறத்தையும் குளோரீனையும் பிடிக்குமே தவிர, நம் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்காது, கிருமியைக் கொல்லாது, தோட்டத்து உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றையும் பெரும்பாலும் விட்டுவிடும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் தண்ணீர் வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீர் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பதைக் கெடுக்கும். வீட்டில் குழந்தை இருந்தால், பால்மா கரைப்பதற்கு முன் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம்.