ஆறு படுக்கை, நாலு பெல்ற்: மோட்டர்ஹோம் கேள்வி-பதில்

கோடை முடிந்ததும் மோட்டர்ஹோம் (படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டி) விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒன்றாகக் கிளம்புவார்கள். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் அதைப் பற்றியவைதான். எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தவை என்பதால் சட்டமும் கட்டணமும் இந்த நாட்டுக் கணக்கு. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: நான், மனைவி, மூன்று பிள்ளைகள், என் அம்மா. 'சிக்ஸ் பேர்த்' மோட்டர்ஹோம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். 2012ஆம் ஆண்டு டீசல், 3,500 கிலோ, விலை 27,000 பவுண். உள்ளே புதிதுபோல இருக்கிறது. முற்பணம் கட்டலாமா ஐயா? (ஹரோ)

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். 'சிக்ஸ் பேர்த்' என்றால் ஆறு பேர் படுக்கலாம், அவ்வளவுதான். ஆறு பேர் பெல்ற் போட்டுக்கொண்டு பயணம் போகலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அந்த வயது வண்டிகள் பலவற்றில் பெல்ற் நாலுதான்: முன்னுக்கு இரண்டு, மேசையடியில் இரண்டு. பக்கவாட்டாகப் பார்த்த சோபாவில் பிள்ளைகளின் கார் சீற்றைப் பூட்டக்கூடாது. 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைக்கு அந்தச் சீற் வேண்டும். ஆகவே முதலில் பெல்ற்றை எண்ணுங்கள்.

அடுத்தது ULEZ எனப்படும் லண்டன் புகைக் கட்டண வலயம். 2023 ஓகஸ்ட் 29 முதல் ஹரோவும் அதற்குள் வந்துவிட்டது. டீசல் என்றால் யூரோ 6 தரம் வேண்டும். 2012 வண்டியில் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இல்லையென்றால் வீட்டு வாசலிலிருந்து எடுத்து ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண். நள்ளிரவு தாண்டி வீடு திரும்பினால் அது இன்னொரு நாள் கணக்கு. ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தால் கட்டணம் இல்லை. வண்டி நம்பரை லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் போட்டால் உடனே தெரியும். விற்கிறவரிடம் கேட்காதீர்கள், நீங்களே போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, எடை. இதைப் பற்றி நான் எத்தனை தரம் எழுதினாலும் விளம்பரங்கள் மாறப்போவதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஆறு படுக்கையை உள்ளே அடைத்துவிட்டு, காகிதத்தில் 3,500 கிலோ என்று பதிந்து விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுகிற வேலை. அந்த 3,500 என்பது வண்டி, ஆட்கள், தண்ணீர், சட்டி பானை எல்லாம் சேர்ந்த உச்ச எடை. கம்பனி சொல்லும் வெற்று எடையில் ஓட்டுநருக்கு 75 கிலோவும் பெரும்பகுதி டீசலும் மட்டுமே சேர்ந்திருக்கும். தண்ணீரை மிகக் கொஞ்சமாகவே சேர்ப்பார்கள். பிறகு பூட்டின ஓனிங்கோ (வெளியே விரிக்கிற நிழல் துணி), சோலார் பலகையோ அதில் இருக்காது.

உங்கள் குடும்பத்துக்கே கணக்குப் போடுவோம். வெற்று எடை 3,060 என்று வையுங்கள். மிச்சம் 440. மனைவி, அம்மா, மூன்று பிள்ளைகள் சேர்ந்து 220 என்றால் மிச்சம் 220. தாங்கியில் 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ, மிச்சம் 120. ஓனிங் 30, இரண்டாவது பற்றரி 25, சோலார் 10, மிச்சம் 55. ஆறு பேருக்குப் படுக்கை விரிப்பும் தலையணையும் 20, மடக்குக் கதிரைகளும் மேசையும் 20. மிச்சம் 15 கிலோ. இன்னும் ஒரு உடுப்புப் பை ஏறவில்லை, அரிசி ஏறவில்லை, பிள்ளைகளின் சைக்கிள் ஏறவில்லை. பின்னால் தாங்கி பூட்டிச் சைக்கிள் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசம். பாரம் பின்சில்லுக்கு வெகுதூரம் பின்னால் தொங்குவதால், சைக்கிளின் எடையைவிடக் கூடுதலான சுமை பின்னச்சில் விழும். மொத்த எடை சரியாக இருந்தும் பின்னச்சு எல்லை தாண்டிய வண்டிகள் எத்தனையோ.

வண்டியின் தகட்டைத் தேடிப் பாருங்கள். பல வண்டிகளில் பொனெற்றைத் திறந்தால் முன்சட்டத்தில் இருக்கும். நாலு எண் இருக்கும்: முதலாவது மொத்த எடை, இரண்டாவது இழுவையோடு சேர்த்த எடை, மூன்றாவது முன்னச்சு, நாலாவது பின்னச்சு. இரண்டு தகடு இருந்தால் மோட்டர்ஹோமாக்கிய கம்பனி பிறகு ஒட்டியதுதான் செல்லும். பொது எடைப்பாலம் ஒன்றில் வண்டியை முழுதாக ஒருமுறை, முன்னச்சை மட்டும் ஒருமுறை, பின்னச்சை மட்டும் ஒருமுறை நிறுத்துச் சீட்டு வாங்கித் தரும்படி விற்கிறவரைக் கேளுங்கள். மாட்டேன் என்றால் வேறு வண்டி பாருங்கள்.

எடையைக் காகிதத்தில் கூட்டித் தருகிறோம் என்பார்கள். பல வண்டிகளுக்கு அது செய்யலாம்தான். ஆனால் 3,500 தாண்டினால் லைசென்ஸில் C1 என்ற பார வண்டி வகை வேண்டும். 1997 ஜனவரி 1க்கு முன் இந்த நாட்டில் கார் சோதனை பாஸ் பண்ணியவர்களுக்கு 7,500 கிலோ வரை அது தானாக இருக்கும், 70 வயது வரை. அதற்குப் பிறகு பாஸ் பண்ணியவர்களுக்கு இல்லை. ஊரில் 1985இல் லைசென்ஸ் எடுத்தேன் என்பது இங்கே செல்லாது. இலங்கை, இந்திய லைசென்ஸை இங்கே மாற்றித் தருவதில்லை. இங்கே கார் சோதனை பாஸ் பண்ணிய திகதிதான் கணக்கு.

கேள்வி: டாம்ப் (சுவருக்குள் ஊறிய ஈரம்) பார்க்க ஒன்லைனில் 12 பவுணுக்கு மீற்றர் இருக்கிறது. வாங்கினால் போதுமா? (கிரொய்டன்)

பதில்: வேண்டாம். அப்படி ஒன்று என் மேசை லாச்சியில் கிடக்கிறது. காய்ந்த பலகைக்கும் நனைந்த பலகைக்கும் ஒரே எண்ணைக் காட்டுகிற சாமான் அது. முதல் சோதனைக்குப் பெருவிரலே போதும். ஜன்னல்களின் கீழ் மூலைகள், கூரைத் திறப்பைச் சுற்றி, ஓட்டுநருக்கு மேலுள்ள படுக்கையின் முன்மூலைகள், கட்டிலுக்குக் கீழே தரையும் சுவரும் சேரும் இடம், ஷவர் தட்டின் ஓரம். இங்கெல்லாம் அழுத்தும்போது சுவர் மெத்தென்று உள்ளே போனால் உள்மரம் ஊறிவிட்டது. வெளியே ஒரே ஒரு மூலையில் மட்டும் புதிய சீலன்ற் (இடுக்கை அடைக்கிற பசை) வெள்ளையாகத் தெரிந்தால், ஏன் அங்கே மட்டும் என்று கேளுங்கள். மழை பெய்த அடுத்த நாள் போய்ப் பாருங்கள். நீங்கள் வரும்வரை ஜன்னல்களைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். கதவு திறந்ததும் வருகிற மணம் பாதிக் கதையைச் சொல்லும். அதில் தேறினால், காசு கட்ட முன் வண்டியின் வீட்டுப் பகுதியைச் சோதிக்கிற ஹாபிற்றேஷன் இஞ்சினியர் ஒருவரைக் கூட்டிப் போய்ச் சுவர் சுவராக எண்களோடு அறிக்கை வாங்குங்கள். ஈரம் 15 வீதத்துக்குக் கீழே என்றால் பயமில்லை. 15இலிருந்து 20 வரை கவனிக்க வேண்டியது. 20 தாண்டினால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. 30 தாண்டினால் சுவரைக் கழற்றாமல் திருத்த முடியாது.

கேள்வி: டீலரிடம் 24,500 பவுணுக்கு வாங்கி ஐந்து கிழமை. விளம்பரத்தில் 'டாம்ப் இல்லை' என்று எழுதியிருந்தது. முதல் பெருமழைக்குப் பிறகு கட்டிலடியில் மணம் வந்தது. இப்போது பின்சுவர் விரலுக்கு அமிழ்கிறது. டீலர், 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும், சீலன்ற் அடித்துக்கொள்' என்கிறார். 500 பவுண் கிரெடிற் கார்ட்டில் கட்டினேன், மிச்சம் பாங்க் மூலம். கணவரும் நானும் நித்திரையில்லாமல் இருக்கிறோம். (லெஸ்டர்)

பதில்: தங்கச்சி, நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், உங்கள் பக்கம் பிழை இல்லை. அந்த 500 பவுண் உங்களைக் காப்பாற்றக்கூடும்.

சீலன்ற் அடிக்க வேண்டாம். நீங்கள் கை வைத்த இடத்தைக் காட்டி, நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள். விளம்பரத்தை, அதிலுள்ள அந்த வரியோடு சேர்த்து, இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். நாளைக்கு அது இருக்காது. டீலருக்குச் சம்பந்தமில்லாத இஞ்சினியரிடம் எழுத்தில் அறிக்கை எடுங்கள். பழைய கசிவா புதியதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மரம் ஊறி இளக மாதக்கணக்கு பிடிக்கும், ஐந்து கிழமையில் சுவர் அமிழாது.

2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, திருப்பிக் கொடுத்து முழுக்காசையும் வாங்கும் முதல் 30 நாள் உங்களுக்குப் போய்விட்டது. ஆனால் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கிய அன்றே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது டீலரின் பொறுப்பு. அவருக்குத் திருத்த ஒரு வாய்ப்புக் கொடுங்கள், அவர் செலவில், எழுத்தில், திகதி போட்டு. ஒரு தரம் திருத்தியும் சரிவரவில்லை என்றால் வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது விலையைக் குறைக்கக் கேட்கலாம். மோட்டர் வாகனம் என்பதால் ஓடிய அளவுக்கு ஒரு தொகை கழிப்பார்கள்; அதற்குத் தயாராக இருங்கள். போனில் பேசாதீர்கள், எல்லாம் ஈமெயிலில்.

கூடவே கார்ட் கம்பனிக்கும் எழுதுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு என்று குறிப்பிடுங்கள். பொருளின் விலை 100 பவுணுக்கு மேல் 30,000 வரை என்றால், ஒரு பகுதியை மட்டும் கிரெடிற் கார்ட்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் டீலரோடு கார்ட் கம்பனியும் பொறுப்பு. அவர்கள் மறுத்தால் நிதிக் குறைகேள் அதிகாரியிடம் இலவசமாக முறையிடலாம். டெபிற் கார்ட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மற்ற வாசகர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: முற்பணத்தைக் கிரெடிற் கார்ட்டில், வாங்குகிறவரின் பெயரிலுள்ள கார்ட்டில், நேரே டீலருக்கே கட்டுங்கள்.

கேள்வி: ரொய்லற் கசற்றின் (கழற்றி எடுக்கிற கழிவுப் பெட்டி) ரப்பர் சீல் இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? (ஈலிங்)

பதில்: வேண்டாம். வாசலினும் வேண்டாம், பிளீச்சும் வேண்டாம். வெந்நீரில் துடைத்துக் காயவிட்டு சிலிக்கோன் ஸ்பிறே. வண்டி சும்மா நிற்கிற காலத்தில் கசற்றின் மூடு தகட்டைத் திறந்து விடுங்கள், சீல் நசுங்காது.

கேள்வி: ரைஸ் குக்கரை இன்வேர்ட்டரில் போட்டால் பாதிச் சோறு வேகமுன் நின்றுவிடுகிறது. 100 ஆம்ப்-அவர் பற்றரி, புதியது. பற்றரி பழுதா? (மில்ட்டன் கீன்ஸ்)

பதில்: பற்றரி பழுதில்லை. 700 வாற் குக்கர் 12 வோல்ற்றில் 58 ஆம்ப் இழுக்கும். இன்வேர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 65. அரை மணி நேரத்துக்கு 32 ஆம்ப்-அவர். ஈய அமில பற்றரியில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது, அதாவது 50. அவ்வளவு வேகமாக இழுத்தால் அந்த 50உம் முழுதாக வராது. வோல்ற் இறங்கி இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும். சோற்றைக் காஸில் வையுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து.

வண்டி நிறுத்தித் தங்குகிற சைற்றில் மின்சாரம் எடுத்தாலும் கணக்கு வேண்டும். 10 ஆம்ப் என்றால் 2,300 வாற். வீட்டுக் கெற்றில் ஒன்றே 3,000 இழுத்து பிரேக்கரை விழுத்தும். 750 வாற் கெற்றில் விற்கிறது, அதை வாங்குங்கள். பிரான்ஸில் பல சைற்றுகளில் 6 ஆம்ப்தான், 1,380 வாற். குக்கரும் கெற்றிலும் ஒன்றாகப் போட முடியாது.

கேள்வி: ஒவ்வொரு வசந்தத்திலும் வண்டியின் வீட்டுப் பற்றரி (உள்ளே விளக்கும் பம்பும் ஓடுகிற பற்றரி) செத்துக் கிடக்கிறது. மூன்றாவது வாங்கப் போகிறேன். எந்த பிராண்ட் நல்லது? (பேர்மிங்ஹாம்)

பதில்: எந்த பிராண்டை வாங்கினாலும் நீங்கள் கொன்றுவிடுவீர்கள். நவம்பரில் நிறுத்தி மார்ச்சில் சாவி போட்டால் எது தாங்கும்? ஓய்வில் 12.7 வோல்ற் முழுச் சார்ஜ், 12.2 பாதி. 12க்குக் கீழே கிழமைக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. மாதம் ஒருமுறை ஒரு முழு இரவு மின்சாரத்தில் போடுங்கள். அலாரமும் ட்ரக்கரும் நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். லிதியத்துக்கு மாறுகிற எண்ணம் இருந்தால், அதற்கேற்ற சார்ஜர் வேண்டும். யூரோ 6 எஞ்சின் என்றால் இடையில் பற்றரிக்கு பற்றரி சார்ஜரும் வேண்டும். லிதியத்தைப் பூச்சியத்துக்குக் கீழான குளிரில் சார்ஜ் செய்யவே கூடாது.

கேள்வி: ஏலத்தில் படத்தைப் பார்த்து 19,000 பவுணுக்கு எடுத்தேன். ஹீற்றர் வேலை செய்யவில்லை, எஞ்சின் டைமிங் பெல்ற் மாற்றிய பதிவும் இல்லை. காசைத் திருப்பி எடுக்கலாமா? (நியூ மோல்டன்)

பதில்: நேரில் போய்ப் பார்க்க வசதியிருந்த பொது ஏலத்தில் பழைய பொருள் வாங்கினால் தரத்துக்கான நுகர்வோர் உரிமை கிடையாது. போய்ப் பார்க்காமல் விட்டது நீங்கள். விவரணையில் 'ஹீற்றர் வேலை செய்கிறது' என்று எழுதியிருந்தால் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு எழுதுங்கள். எஞ்சின் டைமிங் பெல்ற்றை முதல் வேலையாக மாற்றுங்கள். குறைந்த மைல் ஓடியது என்பது சமாதானம் இல்லை. ரப்பருக்கு வயதும் கணக்கு. அறுந்தால் எஞ்சினே போய்விடும்.

கேள்வி: போன குளிரில் ட்ரூமா கொம்பி ஹீற்றரின் தண்ணீர்க் கொதிகலன் வெடித்துவிட்டது. தாங்கியைக் காலி செய்துதான் நிறுத்தினேன். (லூட்டன்)

பதில்: தாங்கி காலியானால் கொதிகலன் காலியாகாது. அதற்குள் தனியாக 10 லீற்றர் நிற்கும். பம்பை நிறுத்துங்கள். உறைபனி வால்வைத் திறந்து, வண்டிக்குக் கீழே அதன் குழாய் வாயில் ஒரு வாளி வையுங்கள். எல்லாப் பைப்பையும் திறந்து, நெம்பை நடுவில் விடுங்கள், சூடும் குளிரும் இரண்டும் திறந்திருக்க வேண்டும். ஷவர்த் தலையைக் கழற்றித் தட்டில் போடுங்கள். பைப் மூடியிருந்தால் காற்று உள்ளே போக வழியில்லை, தண்ணீர் இறங்காது. உங்களுக்கு நடந்தது அனேகமாக இதுதான். வாளியில் 10 லீற்றர் வந்ததா என்று அளந்து பாருங்கள். ஆறுதான் வந்தால் நாலு உள்ளே நிற்கிறது. அந்த வால்வு சுமார் 3 பாகையில் தானாகத் திறக்கும், 7 பாகைக்கு மேலே சூடேறினால்தான் மூட விடும். பழுதென்று நினைத்து நெருக்கி மூடாதீர்கள்.

கேள்வி: தனியார் விற்பனை, நல்ல விலை. மோட்டர்வே சேர்விசஸில் சந்தித்து, காசாகத் தரச் சொல்கிறார். V5C எனும் வண்டிப் பதிவுப் பத்திரத்தின் பிரதி காட்டுவாராம். (ஈஸ்ட்ஹாம்)

பதில்: போகாதீர்கள். மூலப் பத்திரத்திலுள்ள விலாசத்தில், அந்த வீட்டு வாசலில் பார்க்காத வண்டிக்கு ஒரு பவுணும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ரயரில் கட்டை (தரையைப் பிடிக்கிற வரிப்பள்ளம்) நன்றாக இருக்கிறது, 3117 என்று எழுதியிருக்கிறது. டிசம்பரில் ஸ்கொட்லாந்து போகிறோம். நீலச் சிலிண்டர் ஒன்றும் முழுதாக இருக்கிறது. போதுமா? (மிச்சம்)

பதில்: 3117 என்றால் 2017ஆம் ஆண்டின் 31ஆவது கிழமை. மோட்டர்ஹோம் ரயர் தேய்ந்து போவதில்லை, பாரத்தைச் சுமந்தபடி ஒரே இடத்தில் நின்று வெடித்துப் போகிறது. பக்கச் சுவரில் மயிர் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழு வருடத்தோடு மாற்றுங்கள், மோட்டர்ஹோமுக்கான CP முத்திரையுள்ளதாக. நீலம் பியூட்டேன், பூச்சியப் பாகையில் சிலிண்டருக்குள் திரவமாகவே நிற்கும், அடுப்புக்கு வராது. சிவப்புப் புரொப்பேன் எடுத்துப் போங்கள், மைனஸ் 40 வரை வரும். சிலிண்டர் பெட்டியின் அடியிலுள்ள காற்றுத் துளையைக் குளிருக்குத் துணி வைத்து அடைக்காதீர்கள்; கசிகிற காஸ் கீழே வெளியேறுவதற்கே அது.