புரத ஆய்வுக்கு ரத்தம் எடுப்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரத்தப் புரதங்களை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில், அதாவது மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் எந்திரத்தில், பார்ப்பதுதான் என் வேலை. இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, ஊதா மூடிக் குழாயா, சிவப்பு மூடியா?

ஊதா, அதாவது ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. போட்டது. சிவப்பு மூடியில் ரத்தம் உறைந்துதான் சீரம் என்ற தெளிநீர் வரும். உறையும்போது ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதம் கட்டியோடு போய்விடும், தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள்) உள்ளே வைத்திருந்த புரதங்களைக் கொட்டிவிடும், புரதத்தை வெட்டும் நொதிகளும் கிளம்பிவிடும். சீரமே தப்பு என்று சொல்லவில்லை, ஒரே ஆய்வில் சீரத்தையும், ஊதா மூடியில் உறையாமல் கிடைக்கும் திரவமான பிளாஸ்மாவையும் கலக்காதீர்கள். எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்கவே வேண்டாம்.

டோங்காட்டிலிருந்து: சாயங்காலம் எடுத்த ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில், பிளாஸ்மாவைப் பிரிக்க, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றலாமா?

வேண்டாம் தம்பி, குளிர் பட்டாலே தட்டணுக்கள் தூண்டப்படும். முழு ரத்தத்தை ஃப்ரீசரில் வைப்பது அதைவிட மோசம், சிவப்பணுக்கள் உடைந்துவிடும். பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் ஹீமோகுளோபின் கசிந்திருக்கிறது, அதோடு கேட்டலேஸ், கார்பானிக் அன்ஹைட்ரேஸ் போன்ற சிவப்பணுப் புரதங்கள் எல்லாம் வந்து பட்டியலில் உட்கார்ந்துகொள்ளும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவி: நோயாளிகளிடம் குறைவாகவும் ஆரோக்கியமானவர்களிடம் அதிகமாகவும் பிளேட்லெட் ஃபேக்டர் 4, த்ராம்போஸ்பாண்டின் என்ற இரண்டு புரதங்களும் வந்திருக்கின்றன. நோயின் அடையாளம்தானே?

அவசரப்படாதேம்மா. நீ எழுதியபடி நோயாளிகளின் ரத்தம் ஆஸ்பத்திரியிலேயே அரை மணி நேரத்தில் சுழற்றப்பட்டது, மற்றவர்களுடையது கோவில் மண்டப முகாமில் எடுத்து, வெயிலில் காரில் வந்து, மூன்று மணி நேரம் கழித்துத்தான் சென்ட்ரிஃபியூஜுக்குப் போனது. அந்த இரண்டும் தட்டணுவிலிருந்து வரும் புரதங்கள், அதனால் நீ பார்ப்பது நோயை அல்ல, காத்திருந்த நேரத்தை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எந்திரம் பொய் சொல்லாது, குழாயில் இருப்பதை அப்படியே எண்ணித் தரும், அது உடம்பில் ஓடிய ரத்தத்திலேயே இருந்ததா பெஞ்சில் உருவானதா என்று அதற்குத் தெரியாது. புள்ளியியலால் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் நேர வித்தியாசமும் நோய் வித்தியாசமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. முடிந்தால் இரு தரப்பிலும் சிலரிடம் ஒரே மாதிரி மறுபடி எடு, எடுத்த நேரம், சுழற்றிய நேரம், உறைய வைத்த நேரம் மூன்றையும் குறித்து வை. அப்புறம், ஒரு முறை சுழற்றினால் தட்டணுக்கள் நிறையத் தங்கிவிடும். மேலே இருக்கும் பிளாஸ்மாவை மட்டும் எடுத்து இன்னொரு முறை, வேகம் கூட்டிச் சுழற்று, அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் அடுக்கைத் தொடாதே.

ஃபீனிக்ஸிலிருந்து: லோட் ஷெட்டிங்கில், அதாவது முறைவைத்துக் கரண்ட் நிறுத்தும்போது, சாம்பிள் கெடுமா?

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் கதவைத் திறக்காவிட்டால் இரண்டு மணி நேரம் தாங்கும். எனக்குப் பயம் வீட்டு ஃப்ரீசர் மேல்தான், பனி கட்டாத வகை தானே அவ்வப்போது சூடேறி இறங்கும். உருகி உருகி உறைவதுதான் கெடுதல், அதனால் முதல் நாளே சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்து, வேண்டியதை மட்டும் எடுங்கள்.