கீமோதெரபி எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு வருவது சாப்பாடு ஒத்துக்கொள்ளாததாலா?

பெரும்பாலும் இல்லை. உங்கள் வீட்டில் நோயாளிக்குச் சமைத்துக் கொடுப்பவர் நீங்கள்தான் என்றும், யாரோ உங்களைக் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார்கள் என்றும் நானாகவே ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். ஊகம் தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மருத்துவர் அல்லள். பெருங்குடல் புற்றுநோய்க்காக என் கணவருக்கு ஃப்ளூரோயூராசில், ஐரினோடிகான் என்னும் இரு கீமோ மருந்துகள் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றப்பட்ட காலத்தில் உடனிருந்தவள். அவருடைய மருத்துவர் விளக்கியதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் மட்டுமே இங்கே சொல்கிறேன்.

முதல் சுற்று முடிந்து வீடு திரும்பிச் சில நாள்கள் நன்றாகவே இருந்தவருக்குத் திடீரெனப் பேதி தொடங்கியது. பார்க்க வந்த நாத்தனார் கேட்ட முதல் கேள்வி, "அண்ணனுக்கு அப்படி என்னதான் குடுத்தீங்க அண்ணி?" என்பதுதான். ரசத்தில் மிளகு கூடிவிட்டதா, மாவு புளித்ததா, தண்ணீரைக் காய்ச்சினேனா என்று ஒரு விசாரணையே நடந்தது. நோயாளிக்கு எது நேர்ந்தாலும் அடுப்படியில் நிற்பவளே முதல் குற்றவாளி என்பது நம் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம். அதே மருந்தால் அவருக்கு முடி கொட்டியபோது மட்டும் யாரும் என் சமையலைக் குறை சொல்லவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சிறுகுடலின் உட்சுவர் முழுவதும் குடலுறிஞ்சிகள் என்னும் நுண்ணிய நீட்சிகளால் ஆனது. அவற்றைப் போர்த்தியிருக்கும் செல்கள் ஏறத்தாழ 3 முதல் 5 நாள்களுக்குள் உதிர்ந்துவிட, அடியிலுள்ள குழிகளில் இடைவிடாமல் பிரிந்துகொண்டிருக்கும் தண்டுச் செல்களிலிருந்து புதியவை உருவாகி மேலேறி அந்த இடத்தை நிரப்புகின்றன. வேகமாகப் பிரியும் செல்களைக் கொல்வதற்கென்றே கொடுக்கப்படும் மருந்து, அது புற்றுநோய்ச் செல்லா, குடலின் செல்லா, முடிவேரின் செல்லா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நாற்றங்கால் கருகினாலும் வயலில் நிற்கும் பயிர் அன்றே சாய்வதில்லை. இருப்பது உதிர்ந்து, ஈடுசெய்யப் புதியது வராத நாளில்தான் சுவர் மெலிந்து புண்ணாகிறது. இறக்கும் செல்கள் கிளப்பிவிடும் அழற்சி அந்தப் புண்ணை மேலும் பெரிதாக்குகிறது. உறிஞ்ச வேண்டிய பரப்பு குறைந்துவிட்டதால் நீர் உடம்புக்குள் போகாமல் வெளியேறுகிறது. மருந்து ஏறிய நாளுக்கும் பேதி தொடங்கும் நாளுக்கும் இடைவெளி இருப்பதால்தான் பழி நேற்றைய சாப்பாட்டின்மேல் விழுகிறது.

ஐரினோடிகானில் இரண்டு வகைப் பேதி உண்டு. உங்கள் நோயாளி எடுப்பது அந்த மருந்தானால் இதைக் கவனியுங்கள். மருந்து ஏறும்போதோ 24 மணி நேரத்துக்குள்ளோ வியர்வை, எச்சில் ஊறல், வயிற்றுப் பிடிப்பு ஆகியவற்றுடன் வருவது நரம்புவழி விளைவு. அதற்கு அட்ரோபின் ஊசி போடுவார்கள். அதற்குப் பின் வருவது வேறு. அந்த மருந்து உடம்பில் எஸ்என்-38 என்னும் வீரியமிக்க பொருளாக மாறுகிறது. கல்லீரல் அதனுடன் ஓர் அமிலத்தை இணைத்து, வீரியம் இழக்கச் செய்து, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் தம் நொதியால் அந்த இணைப்பை வெட்டிவிட, வீரியம் திரும்பிய பொருள் ஏற்கெனவே நொந்திருக்கும் உட்சுவரை மறுபடியும் தாக்குகிறது. இதற்கு எங்கள் மருத்துவர் பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையை முதலில் இரண்டும், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுமாகக் கொடுக்கச் சொன்னார். வழக்கமான அளவைவிட இது அதிகம் என்று மருந்துக்கடைக்காரரே தயங்கினார். இதைப் பார்த்து நீங்களாகவே தொடங்கிவிடாதீர்கள். காய்ச்சலும் இருந்தால் கணக்கே வேறு.

உட்சுவர் புண்ணாகியிருக்கும் அதே நாள்களில்தான் வெள்ளையணுக்களின் கவுண்ட்டும் இறங்குகிறது. குடலுக்குள் அடங்கியிருந்த கிருமிகள் அந்தப் புண் வழியே இரத்தத்தில் கலந்தால் எதிர்க்க ஆளில்லை. ஆகவே 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்களுக்குக் கொடுத்த அறிவுரைத் தாளில் இது ஆங்கிலத்தில், இரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது. பராமரிப்பவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

சாப்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். கவுண்ட் இறங்கிய உடம்புக்குச் சுத்தமான உணவும் காய்ச்சிய நீரும் கட்டாயம். பாலைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் இருக்கிறது என்பதால், சுவர் ஆறும்வரை பால் பேதியைக் கூட்டக்கூடும். எண்ணெயும் காரமும் அப்படியே. ஆனால் இவையெல்லாம் புண்ணை உறுத்துபவை. புண்ணை உண்டாக்கியவை அல்ல.

இன்னொன்று. ஃப்ளூரோயூராசிலையும், அதன் மாத்திரை வடிவம் போன்ற கேப்சிடாபினையும் உடம்பில் சிதைக்கும் டிபிடி என்னும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு வழக்கமான அளவே நஞ்சாகத் தேங்கிவிடும். சிகிச்சை தொடங்குமுன் இதைச் சோதிக்குமாறு ஐரோப்பிய மருந்துகள் முகமை 2020இல் பரிந்துரைத்தது. முதல் சுற்றிலேயே கடும் பேதியும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்திருந்தால், அடுத்த சுற்றுக்கு முன் இந்தச் சோதனை தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.